அந்தமான் சுற்றுலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தமானுக்குக் கிளம்பும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும்: அங்கே உங்கள் நேரத்தைக் கடல்தான் முடிவு செய்யும். எப்போது தண்ணீர் ஏறும், எப்போது வற்றும், எத்தனை மணிக்கு இருட்டும், கப்பல் ஓடுமா என்பதையெல்லாம் பார்த்துவிட்டு அப்புறம்தான் இடங்களின் பட்டியலை எடுக்க வேண்டும். பெரும்பாலான பயணத் திட்டங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

டிக்கெட்டில் வேறு பெயர் இருக்கிறதே, தவறான தீவுக்குப் பதிவு செய்துவிட்டோமா?

இல்லை. ஹேவ்லாக் இப்போது ஸ்வராஜ் தீவு, நீல் இப்போது ஷஹீத் தீவு, ராஸ் தீவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர். மூன்றும் 2018 டிசம்பரில் மாறின. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பேச்சில் பழைய பெயர்கள்தான் இன்னும் புழங்குகின்றன, இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கப்பல் டிக்கெட்டில் இரண்டில் எது இருந்தாலும் குழம்ப வேண்டாம்.

முதல் முறை போகிறோம். எத்தனை நாள் வேண்டும்?

ஆறு இரவு இருந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம். போர்ட் பிளேரில் இரண்டு, ஹேவ்லாக்கில் இரண்டு அல்லது மூன்று, மீதி நீலில். நான்கு நாளில் ஐந்து தீவு என்று விற்கும் பேக்கேஜ்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதில் பாதி நேரம் ஜெட்டி எனப்படும் படகுத்துறையில் வரிசையில் நிற்பதிலேயே போகும். வடக்கே டிக்லிப்பூர் வரை போக ஆசை இருந்தால் ஒன்பது பத்து நாளாவது வையுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம்: ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைப் போர்ட் பிளேரில் கழியுங்கள். ஹேவ்லாக்கிலிருந்து காலைக் கப்பலில் வந்து மதிய விமானத்தைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டால், கடல் கொந்தளிக்கும் ஒரு நாளில் அந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை. கடல் அமைதியாக இருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும். மே நடுவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கி செப்டம்பர் வரை நீடிக்கும். அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழையும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் அது, காடு அவ்வளவு பச்சையாக இருப்பது சும்மா இல்லை. டிசம்பர் கடைசி வாரம் எல்லோரும் போகும் சீசன். அறை வாடகையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும்.

மழைக்காலத்தில் போகவே கூடாதா என்றால், அப்படியில்லை. அறைகள் மலிவு, காடு அழகு. ஆனால் பவளப்பாறை பார்ப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் கலங்கிய தண்ணீர் ஏமாற்றும்.

தேதி எப்படித் தேர்ந்தெடுப்பது? மாதம் மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. இதைத்தான் யாரும் கேட்பதில்லை, அதனால் நானே கேட்டுக்கொள்கிறேன். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியை எடுத்து அமாவாசை எப்போது என்று பாருங்கள். அமாவாசையை ஒட்டிய நாட்களில் போனால் இரண்டு லாபம்.

முதலாவது, அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் அடுத்த ஓரிரு நாட்களிலும் கடல் மிக அதிகமாக ஏறி, மிக அதிகமாக வற்றும். நீல் தீவின் இயற்கைப் பாலம், அங்கே பாறைக் குட்டைகளில் தெரியும் உயிர்கள் எல்லாம் கடல் நன்றாக உள்வாங்கினால்தான் முழுதாகக் கிடைக்கும். இரண்டாவது, இரவில் ஒளிரும் கடலைப் பார்க்க நிலா இல்லாத இருட்டு வேண்டும். பௌர்ணமியில் முதலாவது கிடைக்கும், இரண்டாவது கிடைக்காது. அமாவாசையில் இரண்டும் கிடைக்கும்.

வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். போர்ட் பிளேருக்கான ஏற்ற வற்ற அட்டவணை இணையத்தில் இருக்கிறது. இல்லாவிட்டால் விடுதியில் கேளுங்கள், படகுக்காரர்களுக்கு மனப்பாடம்.

மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்கிறார்களே, உண்மையா?

டிசம்பரில் ஏறக்குறைய அப்படித்தான். நம்முடைய அதே கடிகாரம்தான் அங்கேயும். ஆனால் தீவுகள் வெகு கிழக்கே இருப்பதால் சூரியன் முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்து, முன்னதாகவே போய்விடுகிறது. ஜூனில் விடிகாலை ஐந்துக்கே வெளிச்சம் வந்துவிடும்.

இதற்கு ஏற்றபடி உடம்பைப் பழக்குங்கள். காலை ஒன்பது மணிக்கு எழுந்து, பத்தரைக்குச் சிற்றுண்டி முடித்துக் கிளம்புகிற குடும்பத்துக்கு அங்கே அரை நாள்தான் மிஞ்சும். ஐந்தரைக்கே கடற்கரைக்குப் போய்விட்டு, மதியம் தூங்கி, மூன்று மணிக்குச் சூரிய அஸ்தமனத்துக்குக் கிளம்புவதுதான் அந்த ஊர் வழி.

விமானமா, கப்பலா?

விமானம். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரம் சொச்சம்தான். சென்னையிலிருந்து அரசுப் பயணிகள் கப்பலும் உண்டு. ஒரு வழிக்கே ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். பங்க் (அடுக்குப் படுக்கை) வகுப்பில் டிக்கெட் மலிவு, சமூகம் சுவாரசியம், கழிப்பறை அவ்வளவு சுவாரசியம் இல்லை. பறக்கும் மீன்களைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காரப் பிடிக்கும் என்றால், ஒரு வழி கப்பல், மறுவழி விமானம் என்று வைத்துக்கொள்ளலாம். கப்பல் தேதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அதை நம்பி விடுமுறையை இறுக்கமாகப் போடாதீர்கள்.

அனுமதிச் சீட்டு வேண்டுமா?

இந்தியக் குடிமக்களுக்குப் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், டிக்லிப்பூர் போன்ற இடங்களுக்கு எதுவும் வேண்டாம். ஆதாரோ வேறு புகைப்பட அடையாள அட்டையோ எப்போதும் கையில் இருக்கட்டும், கப்பலில் ஏறும்போது கேட்பார்கள். பழங்குடியினர் காப்புப் பகுதிகளுக்குச் சுற்றுலாப் பயணியாகப் போக முடியாது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் கூட வந்தால், அவர்களுக்கான விதி தனி. கிளம்பும் முன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்ட் பிளேரில் கட்டாயம் பார்க்க வேண்டியது எது?

செல்லுலார் சிறை. வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து ஏழு பக்கமும் நீளும் மூன்று மாடிக் கட்டடங்கள். இன்று நிற்பவை மூன்று மட்டும்தான். இடிந்த பகுதி ஒன்றில் ஊரின் அரசு மருத்துவமனை நடக்கிறது. அறை ஒவ்வொன்றும் பதின்மூன்றரை அடிக்கு ஏழு அடி. உள்ளே போய் ஒரு நிமிடம் நில்லுங்கள். காற்றுக்கென்று இருக்கும் ஒரே துளை தலைக்கு வெகு மேலே இருக்கிறது, எம்பினாலும் எட்டாது. கதவின் தாழ்ப்பாள் கதவில் இல்லாமல், பக்கத்துச் சுவருக்குள் தள்ளி ஒரு பள்ளத்தில் இருக்கிறது. கம்பி வழியாகக் கைவிட்டுத் தொட முடியாத தூரம் அது, அளந்து வைத்திருக்கிறார்கள். ஒரு வரிசையின் முகப்பு அடுத்த வரிசையின் முதுகைப் பார்க்கும். எதிரே இன்னொரு கைதியின் முகம்கூடத் தெரியக் கூடாது என்பதற்காக ஒரு கட்டடக்கலைஞர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். எனக்குச் செக்கையும் தூக்கு மேடையையும் விட இதுதான் அதிகம் உறைத்தது.

காலையில் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். மாலையில் ஒலி ஒளிக் காட்சி இருக்கிறது, இந்தியிலும் ஆங்கிலத்திலும். கட்டடத்தைப் பகலில் நிதானமாகப் பார்க்காமல் காட்சிக்கு மட்டும் போனால் பாதிதான் பார்த்ததாக ஆகும்.

ராஸ் தீவு போகலாமா? அங்கே என்ன இருக்கிறது?

போர்ட் பிளேரிலிருந்து பார்த்தாலே தெரியும் தூரம், படகில் கொஞ்ச நேரம். 1858-இல் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியதிலிருந்து பிரிட்டிஷ் நிர்வாகம் இங்கேதான் இருந்தது. தேவாலயம், பேக்கரி, அச்சகம், நடனக் கூடம், டென்னிஸ் மைதானம் என்று எதிர்க்கரையில் கைதிகள் செக்கிழுத்தபோது இவர்கள் வாழ்ந்த வாழ்க்கை எல்லாம் இங்கே இடிந்து கிடக்கிறது. 1941 ஜூனில் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு தீவைக் காலி செய்தார்கள், 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். அவர்கள் கட்டிய பதுங்கு குழிகளும் இருக்கின்றன.

இப்போது ஆலமர வகை மரங்களின் வேர்கள் சுவரைப் பிடித்திருக்கின்றன. சில இடங்களில் செங்கல் போய்விட்டது, வேர்தான் சுவர். புள்ளிமான்கள் கையை மோப்பம் பிடிக்க வரும். பிஸ்கட் கொடுக்காதீர்கள்.

சிறையைப் பார்த்த மறுநாள் ராஸைப் பாருங்கள். வரிசை மாறினால் இது வெறும் பிக்னிக் இடமாகத் தெரியும்.

நார்த் பே?

பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருக்கும் கலங்கரை விளக்கம் இதுதான். ஆனால் நோட்டில் இருக்கும் காட்சி தெரிவது இங்கிருந்து அல்ல, ஹேரியட் மலையிலிருந்து. அந்த மலைக்கு 2021-இல் மணிப்பூர் மலை என்று பெயர் மாற்றினார்கள். நோட்டுக்காகப் போகிறவர்கள் மலைக்குப் போங்கள். நார்த் பேயில் தண்ணீர் விளையாட்டும் கூச்சலும் அதிகம். ஹேவ்லாக் போவதாக இருந்தால் இதை விட்டுவிடலாம்.

தீவு விட்டுத் தீவு எப்படிப் போவது?

தனியார் குளிர்சாதனக் கப்பல்களில் ஹேவ்லாக்குக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அங்கிருந்து நீலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அரசுக் கப்பல் மெதுவாகப் போகும், ஆனால் மலிவு, மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டே போகலாம். தனியார் கப்பலில் பெரும்பாலும் கண்ணாடிக்குள் அடைத்து உட்கார வைத்துவிடுவார்கள். அலை இருக்கும் நாளில் வாந்தி வருபவர்களுக்கு அது நரகம். மாத்திரையை ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, அரை மணி முன்னதாகப் போட வேண்டும்.

சீசனில் கப்பல் டிக்கெட்டை முதலில் எடுங்கள், அறையை அப்புறம் எடுங்கள். கப்பலில்லாமல் அறை மட்டும் இருந்து என்ன செய்வது?

ஹேவ்லாக்கில் எந்தக் கடற்கரை?

ராதாநகர். 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது. 2020-இல் சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. இவ்வளவு புகழ்ந்தால் போய்ப் பார்த்து உதட்டைப் பிதுக்குவோம் இல்லையா, ஆனால் இங்கே அப்படி நடப்பதில்லை. கரை மேற்கே பார்த்திருப்பதால் எல்லோரும் அஸ்தமனத்துக்கு வருவார்கள். காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டு கிலோமீட்டர் வெண்மணலும் ஏறக்குறைய உங்களுக்கே.

தண்ணீர் வற்றும் நேரத்தில் குனிந்து மணலைப் பாருங்கள். கடுகு முதல் மிளகு அளவு வரை ஆயிரக்கணக்கான மணல் உருண்டைகள், ஒரு சிறு துளையைச் சுற்றி ஆரம் ஆரமாக. கோலப்புள்ளி போலவே இருக்கும். சுண்டுவிரல் நகம்கூட இல்லாத நண்டுகளின் வேலை அது. மணலை வாயில் போட்டு, அதில் ஒட்டியிருக்கும் உணவை உறிஞ்சிவிட்டு, மிச்சத்தை உருட்டிப் பின்னால் தள்ளுகின்றன. அசையாமல் உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்து வேலையைத் தொடரும், நிழல் விழுந்தால் ஒரே நொடியில் எல்லாம் உள்ளே. அடுத்த அலை வந்து அத்தனையையும் அழித்துவிடும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஜெட் ஸ்கீயை விட இது நல்ல பொழுதுபோக்கு, காசும் இல்லை.

காலாபத்தர் கடற்கரை கிழக்கே பார்த்தது, விடியலுக்கு நல்லது. கறுப்புப் பாறைகளும் பச்சைத் தண்ணீரும் படத்துக்கு நன்றாக வரும், குளிக்க அவ்வளவு வசதியில்லை.

விடுதி பதிவு செய்யும்போது ஒன்று கவனியுங்கள். பெரும்பாலான விடுதிகள் கிழக்குக் கரையில், மூன்றாம் எண், ஐந்தாம் எண் கடற்கரைகளில் இருக்கின்றன. அங்கே வற்றம் வந்தால் கடல் வெகுதூரம் பின்வாங்கிப் பாறையும் சேறும் தெரியும். இணையப் படத்தில் இருக்கும் நீலக் கடல் ஏற்ற நேரத்தில் எடுத்தது. கடல் பார்த்த அறை என்று கூடுதல் காசு கொடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீச்சல் தெரியாது. ஸ்கூபா (காற்று உருளையோடு கடலுக்குள் இறங்குவது) செய்ய முடியுமா?

முடியும். பத்து வயது தாண்டியவர்கள் ஆரோக்கியமாக இருந்தால் போதும். முழங்கால், இடுப்பளவுத் தண்ணீரில் முதலில் பழக்குவார்கள்: வாயால் மட்டும் மூச்சு விடுவது, முகமூடிக்குள் தண்ணீர் வந்தால் வெளியேற்றுவது, மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறப்பது. அப்புறம் பயிற்சியாளர் உங்களைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே கீழே அழைத்துப் போவார். ஆழம் அதிகபட்சம் பன்னிரண்டு மீட்டர்.

பலரும் கஷ்டப்படுவது மூச்சில் அல்ல, காதில்தான். இரண்டு மீட்டர் இறங்கியதுமே காதில் அழுத்தம் தெரியும். வலி வரும்வரை காத்திருக்காமல் இறங்க இறங்க ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். சளி, ஜலதோஷம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, கர்ப்பம் இருப்பவர்கள் இறங்கவே கூடாது. முன்னதாக ஒரு படிவம் கொடுப்பார்கள், அதில் பொய் சொல்லாதீர்கள்.

இன்னொன்று: ஸ்கூபா முடித்து 18 மணி நேரமாவது ஆகாமல் விமானம் ஏறக் கூடாது. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டும். விமானத்தில் அழுத்தம் குறையும்போது அது குமிழியாக மாறினால் ஆபத்து. ஆகவே ஸ்கூபாவைப் பயணத்தின் தொடக்கத்திலோ நடுவிலோ வையுங்கள், கடைசி நாளில் வேண்டாம்.

பயிற்சியாளர் ஒருவருக்கு ஒரே ஆள்தானா என்று பதிவுக்கு முன் கேளுங்கள். காலை முதல் படகு கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்னார்கெலிங்குக்கு (முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு, மிதந்தபடி பவளம் பார்ப்பது) எந்த இடம் நல்லது?

என் கணக்கில் ஜாலி பாய் முதலிடம். போர்ட் பிளேருக்குப் பக்கம் வண்டூரிலிருந்து படகு. 1983-இல் அமைத்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. குளிர்காலம், கோடைக்கு ஜாலி பாய், மழைக்காலத்துக்கு ரெட் ஸ்கின் தீவு என்று மாற்றி மாற்றித் திறப்பார்கள். ஒன்று ஓய்வெடுக்கட்டும் என்பதற்காக. பிளாஸ்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள். கடைகள் கிடையாது, அதனால்தான் கொஞ்சம் பிழைத்திருக்கிறது.

ஹேவ்லாக்கில் யானைக் கடற்கரை. படகிலும் போகலாம், காட்டு வழியாக நடந்தும் போகலாம், மழை பெய்திருந்தால் பாதை வழுக்கும். கரையில் காய்ந்து வெளுத்த பெரிய மரங்கள் விழுந்து கிடக்கும். இங்கே பத்து மணிக்கு மேல் ஒரே இரைச்சல், முதல் படகில் போங்கள். நீலின் பரத்பூர் வயதானவர்களுக்கு நல்லது, கண்ணாடிப் படகில் நனையாமல் பார்க்கலாம்.

பவளம் எல்லா இடத்திலும் வண்ணமயமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கடல் சூடேறியதால் 2010-லும் 2016-லும் இங்கே பெரிய அளவில் பவளங்கள் வெளுத்தன. சாம்பல் நிறத்தில் நொறுங்கிக் கிடக்கும் பரப்பையும் பார்ப்பீர்கள். கால் ஊன்ற இடமில்லை என்று பவளத்தின் மேல் நிற்பவர்கள் மிச்சத்தையும் முடிக்கிறார்கள். சன்ஸ்கிரீனைப் பூசிக்கொள்வதற்குப் பதில் முழுக்கைச் சட்டை போட்டு இறங்குங்கள், முதுகும் வேகாது, பவளத்துக்கும் நல்லது.

நீல் தீவுக்கு ஒரு பகல் போதுமா?

காலையில் வந்து மாலையில் திரும்பலாம்தான். ஆனால் நீலின் சுகமே அவசரம் இல்லாததுதான். சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் ஒரு நாளில் தீவையே சுற்றலாம். வாழைத்தோட்டம், காய்கறிப் பாத்தி, அப்புறம் திடீரென்று கடல். சீதாபூரில் சூரியோதயம், லட்சுமண்பூரில் அஸ்தமனம். ராமாயணப் பெயர்களை வைத்தவர்கள் இங்கே குடியேற்றப்பட்ட வங்காளிகள். லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில் இருக்கும் இயற்கைப் பாலத்தை, கொல்கத்தாப் பாலத்தின் நினைவாக, ஹவுரா பாலம் என்று சொல்வதும் அவர்கள்தான்.

அந்தப் பாலம்: அலை குடைந்து குடைந்து, பாறை வளைவாக நிற்கிறது. ஏற்ற நேரத்தில் போனால் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வற்றத்தில் போனால் பாறைத்தளம் முழுவதும் வெளியே வந்திருக்கும். ஒவ்வொரு குழியிலும் தேங்கிய தண்ணீரில் ஒரு சின்ன உலகம் அடைபட்டிருக்கும். கறுப்புக் கடல் அட்டை ஒன்று மணலோடு மணலாகக் கிடக்கும். நீல உதட்டைத் திறந்தபடி ஒரு சிப்பி பாறைக்குள்ளேயே புதைந்திருக்கும், கை நிழல் பட்டதும் மூடிக்கொள்ளும். பூப்போல விரிந்திருக்கும் கடல் சாமந்தி என்ற உயிரின் விரல்களுக்கு நடுவே கோமாளி மீன் ஒன்று, அடுத்த ஏற்றம் வரை அந்தக் குழிதான் அதற்கு.

உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கட்டாயம் எடுங்கள். நாம் தாண்டிப் போகும் குழியில்தான் அவர் எதையாவது காட்டுவார். பாறை வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டாம், பின்னால் பட்டி உள்ளது போடுங்கள். தண்ணீர் ஏறத் தொடங்கினால் கிளம்பிவிடுங்கள்.

இரவில் கடல் ஒளிரும் என்கிறார்களே?

ஒளிரும். தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், அசைத்தால் நீல ஒளி விடும். ஹேவ்லாக்கில் அலையாத்திக் காட்டுப் பக்கம் இரவில் கயாக்கில் அழைத்துப் போகிறார்கள். துடுப்பு தண்ணீரைத் தொடும்போது ஒளிச்சுழல், கையை விட்டால் விரல்களைச் சுற்றி ஒளி. ஆனால் இணையத்தில் பார்க்கும் படங்கள் நீண்ட நேரம் ஒளியை வாங்கி எடுத்தவை, கண்ணுக்கு அவ்வளவு பளிச்சென்று தெரியாது. நிலா இருந்தால் இன்னும் மங்கும். போனை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் கொடுங்கள்.

பாரட்டாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகலாமா?

இதில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. அலையாத்தி மரங்களுக்கு நடுவே வேகப் படகில் போகும் பகுதி அருமை, குகையும் நன்றாக இருக்கும். சேற்று எரிமலை என்பது குமிழி விடும் ஒரு சேற்றுக் குட்டை, அதற்காக மட்டும் மெனக்கெட வேண்டாம்.

பிரச்சினை பாதையில் இருக்கிறது. அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காட்டை ஊடுருவிப் போகிறது. அவர்கள் சில நூறு பேர்தான். வெளியாரை அண்ட விடாமல் வாழ்ந்தவர்கள் 1990-களின் இறுதியில்தான் காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். உடனே தட்டம்மை தாக்கியது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகளைக் காவலோடு வரிசையாக, குறித்த நேரங்களில் மட்டும் அனுப்புவார்கள். நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது. மீறினால் சிறை வரை போகும்.

குகையைப் பார்ப்பதற்காகப் போனால் சரி. "வழியில் ஜாரவாவைப் பார்க்கலாம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அவரிடம் பதிவு செய்யாதீர்கள். மனிதர்களை வேடிக்கை பார்க்கப் போவது சுற்றுலா ஆகாது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குக் கிளம்பி மாலை திரும்பும் நெடும்பயணம் வேறு. அதே நாளை ஜாலி பாய்க்கு கொடுப்பது மேல் என்று நினைக்கிறேன்.

கூட்டமே இல்லாத இடம் வேண்டும்.

டிக்லிப்பூர் போங்கள். சாலையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம் (இதுவும் அதே ஜாரவா காட்டு வழிதான்), கப்பலும் உண்டு. அங்கே ராஸ், ஸ்மித் என்று இரட்டைத் தீவுகள், வற்றத்தில் ஒரு வெண்மணல் திட்டு இரண்டையும் இணைக்கும். இது போர்ட் பிளேர் ராஸ் அல்ல, வேறு. அந்தமானின் மிக உயர்ந்த சிகரமான 732 மீட்டர் சாடில் பீக் ஏறலாம், முழு நாள் வேலை. காளிப்பூர் கடற்கரையில் குளிர்கால இரவுகளில் ஆமைகள் முட்டையிட வரும். வனத்துறை சொல்வதைக் கேட்டு, டார்ச் அடிக்காமல் பார்க்க வேண்டும்.

தெற்கே குட்டி அந்தமானின் பட்லர் பே, அலைச்சறுக்கு ஆட்களுக்குப் பிடிக்கும். வசதிகள் குறைவு.

எரிமலை பார்க்க முடியுமா?

பாரன் (Barren) தீவு, இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. போர்ட் பிளேரிலிருந்து 135 கிலோமீட்டர் அளவில், வடகிழக்கே. 1991-இல் நீண்ட உறக்கம் கலைந்து, அதன் பிறகு அவ்வப்போது புகைகிறது. கரையில் இறங்க விடமாட்டார்கள், படகிலிருந்து பார்க்கலாம். செலவும் நேரமும் அதிகம்.

நிக்கோபார்?

சுற்றுலாவுக்கு இல்லை. பெரும்பாலும் பழங்குடியினர் காப்புப் பகுதி.

கடலில் முதலை இருக்கிறதாமே?

இருக்கிறது, உவர்நீர் முதலை. அலையாத்தி ஓடை கடலில் சேரும் இடங்களில்தான் அதிகம். எச்சரிக்கைப் பலகை வைத்த கடற்கரையில் இறங்காதீர்கள், இருட்டிய பின் எங்குமே இறங்காதீர்கள். ராதாநகரில் உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள், குளிக்க ஒதுக்கிய எல்லைக்குள் இருந்தால் போதும். உண்மையில் உங்களைப் படுத்தப்போவது முதலை அல்ல, மணல் ஈ. கடிக்கும்போது தெரியாது, மறுநாளிலிருந்து ஒரு வாரம் சொறிவீர்கள். தேங்காய் எண்ணெயைக் காலில் நன்றாகத் தடவிக்கொள்ளுங்கள், வெறும் மணலில் படுக்காதீர்கள்.

தமிழ் பேசினால் சமாளிக்கலாமா? சாப்பாடு?

போர்ட் பிளேரில் தாராளமாக. 2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபார் முழுவதிலும் நூற்றுக்குப் பதினைந்து பேரின் தாய்மொழி தமிழ். ஆட்டோக்காரர், மளிகைக்காரர் என்று யாராவது "எந்த ஊரு?" என்று கேட்பார்கள். வெற்றிமலை முருகன் கோவிலில் பங்குனி உத்திரம் விமரிசையாக நடக்கும். இட்லி, தோசைக்குப் பஞ்சமில்லை. ஹேவ்லாக்கிலும் நீலிலும் வங்காளிகள் அதிகம், இந்தி எல்லோருக்கும் புரியும். மீன் பிரியர்களுக்குக் கொண்டாட்டம். சுத்த சைவம் என்றாலும் பட்டினி கிடக்க மாட்டீர்கள், நீல் தீவில் விளையும் காய்கறிதான் பக்கத்துத் தீவுகளுக்கும் போகிறது.

செல்போன், இணையம், பணம்?

சென்னையிலிருந்து கடலடி இணையக் கேபிள் 2020 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்தது. போர்ட் பிளேரில் இப்போது பரவாயில்லை. மற்ற தீவுகளில் சிக்னல் வரும், போகும். யுபிஐ பல இடங்களில் நடக்கும், ஆனால் சிக்னல் இல்லாத நேரம் பார்த்துத்தான் பில் வரும். ரொக்கத்தைப் போர்ட் பிளேரிலேயே எடுத்து வையுங்கள். கப்பல் டிக்கெட், விடுதிப் பதிவை எல்லாம் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

கரையில் கிடக்கும் சிப்பி, பவளத் துண்டை எடுத்துவரலாமா?

கூடாது. செத்த பவளமும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். விமான நிலையத்தில் பையை ஸ்கேன் செய்து பிடுங்குவார்கள், வழக்கும் வரலாம். அந்தச் சிப்பி வீடாகத் தேவைப்படும் நண்டுகள் கரையெங்கும் நடந்துகொண்டிருக்கின்றன. ஞாபகப் பொருள் வேண்டுமென்றால் அரசு விற்பனையகமான சாகரிகாவில் ரசீதோடு வாங்கி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கப்பல் ரத்தானால் என்ன செய்வது?

புயல் சின்னம் உருவானால் எல்லாக் கப்பலும் நிற்கும், யாரிடமும் சண்டை போட்டுப் பயனில்லை. முதலில் விடுதியில் ஓரிரவு நீட்டிப்பு கேளுங்கள், உங்களைப் போலவே சிக்கியவர்கள் கேட்கும் முன். தனியார் கப்பல் ரத்தானால் பணம் திரும்பும் அல்லது வேறு தேதி தருவார்கள். தேதி வேண்டுமென்றால் உடனே ஜெட்டி கவுன்டரில் போய்ப் பேசுங்கள், போனில் முயன்றால் வரிசையில் பின்னால் போவீர்கள். அரசுக் கப்பல்தான் பெரும்பாலும் முதலில் ஓடத் தொடங்கும், அதன் கவுன்டரையும் விசாரித்து வையுங்கள். அவசர மருந்து இரண்டு நாளைக்குக் கூடுதலாகப் பையில் இருக்கட்டும், சின்னத் தீவுகளில் எல்லா மருந்தும் கிடைக்காது.